வேலையில் அடிபட்ட பிறகு மனம் ஆறுவது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கையின் வடக்கே, வன்னியில், ஒரு நெல் மில்லில் வேலை செய்தவன். ஒரு பங்குனி மாதம், பெரும்போக நெல் மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருந்த நேரம், கழன்ற பெல்ட்டை மெசினை நிறுத்தாமல் மாட்டப் போய் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. கை ஆற மூன்று மாதம் எடுத்தது. மற்றது ஆற வருடங்கள் எடுத்தன. பிறகு உளவளத்துணைப் பயிற்சி எடுத்தேன். இப்போது வேலையில் அடிபட்டவர்களையும் அவர்களின் வீட்டாரையும் போய்ப் பார்த்துக் கதைப்பதுதான் என் வேலை. சூடடிக்கும் மெசின், மரக்காலை, கல் குவாரி, டிப்பர், பனை, கடல், ஆடைத் தொழிற்சாலை, கண்ணிவெடி அகற்றும் இடம் என்று அடிபட்ட இடங்கள் வேறு வேறு. கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

அடிபட்டுப் பத்து நாள். கண்ணை மூடினால் அதே காட்சி. சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுது. எனக்கு விசர் பிடிக்குதா?

இல்லை. யானைக்குக் காவல் இருந்தவர்களுக்கு இது விளங்கும். யானை வந்து வேலியை முறித்துவிட்டுப் போன பிறகு எத்தனை இரவு ஒழுங்காக நித்திரை கொள்வீர்கள்? ஓலை சரசரத்தாலே எழும்பி உட்காருவீர்கள். உயிருக்கு ஆபத்து வந்தபோது உடம்பு தன்னைக் காப்பாற்ற எழும்பியது. ஆபத்து போய்விட்டது என்று அதற்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நெஞ்சு படபடப்பு, வியர்வை, நித்திரையின்மை, காரணமில்லாத கோபம், எதிலும் ஒட்டாமல் விறைத்துப் போயிருப்பது எல்லாம் இந்த நாட்களில் வருகிறவைதான். எனக்கு ரப்பர் எரிகிற மணம் வந்தால் போதும், கை தானாக மடங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் பழைய சைக்கிள் டயர் கொளுத்தியதற்கு நான் கிணற்றடி வரை ஓடியிருக்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு இது சில கிழமைகளில் தானாகத் தணியும். அதுவரை நேரத்துக்குச் சாப்பாடு, தெரிந்த முகங்கள், முடிந்த அளவு பழைய நாளாந்தம், இவைதான் மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று சொல்லில் முடிக்கிறது: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார்ப்பது, சொல்ல வருவதைக் கேட்பது, உதவி இருக்கும் இடத்தோடு இணைத்து விடுவது. வருகிற ஒவ்வொருவரும் “எப்பிடி நடந்தது, சொல்லு சொல்லு” என்று நோண்டுவது அதில் இல்லை. முன்பு சில நாடுகளில் விபத்து நடந்த கையோடு எல்லோரையும் இருத்தி, நடந்ததை விவரமாகச் சொல்ல வைத்தார்கள். அது பலன் தரவில்லை என்று கண்டு கைவிட்டார்கள். சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். விரும்பாவிட்டால் விடுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

ஒரு மாதத்தைக் கணக்கில் வையுங்கள். மாதம் ஒன்று தாண்டியும் கனவு, திடுக்கிடல், அந்த இடத்தையும் அந்தப் பேச்சையும் தவிர்ப்பது, எல்லாம் வெறுத்துப் போவது ஆகியவை குறையவில்லை, வேலையும் வீடும் குழம்புகிறது என்றால் அது மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோயாக (PTSD) இருக்கலாம். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கைநூலில் சேர்த்த, தெளிவாக அறியப்பட்ட நோய் இது. சிகிச்சையும் இருக்கிறது. நடந்ததைப் பாதுகாப்பாக, படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சுச் சிகிச்சை பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. இலவசம். மருந்து கட்டப் போகும் நாளிலேயே அங்கேயும் காட்டிவிட்டு வரலாம், ஊரார் கண்ணுக்கு இரண்டும் ஒரே கிளினிக்தான்.

சாக வேண்டும் போல் இருக்கிறது என்றால் மாதக் கணக்கு பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். நள்ளிரவு என்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழையுங்கள். வீட்டார், பூச்சி மருந்துப் போத்தல்களை அன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள். தோட்டக்காரர் வீடுகளில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் ஒரு வீட்டைவிட்டும் நான் வெளிக்கிடுவதில்லை.

நித்திரைக் குளிசை போடலாமா?

அயல்வீட்டார் தந்ததைப் போடவேண்டாம். விபத்து நடந்த முதல் மாதத்தில், பதற்றத்துக்கென்று டயசிபாம் வகைக் குளிசைகளைக் கொடுக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்னது. வைத்தியர் வேறு காரணத்துக்கு எழுதித் தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அவரிடம் கேளுங்கள். கள்ளும் கசிப்பும் நித்திரை தருவது போலத்தான் இருக்கும். சாமத்தில் எழுப்பி இருத்திவிடும், கனவையும் கூட்டும்.

போரிலேயே எல்லாத்தையும் பறிகொடுத்துத் தப்பி வந்தனாங்கள். இரண்டு விரல் போனதுக்கா இவ்வளவு?

வன்னியில் நான் அதிகம் கேட்ட வசனம் இது. அடிபட்டவருக்கு மற்றவர்கள் சொல்வது, அதைவிட அதிகமாக அவரே தனக்குச் சொல்லிக்கொள்வது. நானும் சொன்னேன். போர் முடிந்த 2009ஐத் தாண்டி வந்த ஊரில் எந்த வீட்டில் ஆள் குறையவில்லை? அந்தக் கணக்கில் என் இரண்டு விரலை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெட்கமாக இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்த காலம்தான் மிகவும் மோசமான காலம்.

இந்த வசனத்தில் இரண்டு பிழை இருக்கிறது. ஒன்று, நோவுக்குத் தராசு இல்லை. பெரிய இழப்பைக் கண்டவனுக்குச் சின்ன இழப்பு நோகாது என்று உடம்பில் எங்கும் எழுதவில்லை. மற்றது, புதுக் காயம் தனியே வருவதில்லை, பழையதையும் கூட்டிக்கொண்டு வரும். ஆள் தெரியாமல் மாற்றிச் சொல்கிறேன்: மரக்காலையில் வாள் பட்டு முன்கை கிழிந்த ஒரு அண்ணையைப் பார்க்கப் போனேன். அவருடைய கனவில் வாள் வரவேயில்லை. பங்கர்தான் வந்தது. கதைத்துக் கதைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விழுந்து கிடந்தபோது மூக்குக்குள் போன மரத்தூள், பங்கருக்குள் தலையில் கொட்டிய மணலைப் போல இருந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த கதவை ஒரு பிடி மரத்தூள் திறந்துவிட்டது. கைக்கு மட்டும் மருந்து கட்டிக்கொண்டிருந்தால் அவர் ஆறியிருக்கமாட்டார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வடக்கில் நடந்ததைத் தனியாள் மனவடு என்று மட்டும் பார்த்தால் போதாது, அது கூட்டு மனவடு என்று பல வருடங்களாக எழுதி வந்தவர். குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்புகிற பழக்கமும் சேர்ந்தே அடிபட்டன என்பது அவர் சொன்ன விஷயம். களத்தில் இதை நான் தினமும் காண்கிறேன். அடிபட்டவருக்கு யாரும் இல்லாதபோது விரல்நுனி வெட்டுக்கூட ஆறாது கிடக்கிறது.

ஆனால் போரைத் தாண்டியது உதவவே உதவாது என்றும் நான் சொல்லமாட்டேன். அதைக் கேட்கிற விதத்தில் இருக்கிறது. “அதையே தாங்கினனீ, இதைத் தாங்கமாட்டியா?” என்று கேட்டால் வாய் மூடிவிடும். “அந்த நேரம் உன்னைத் தாங்கினது எது?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சக முகாம்காரரோடு விடியவிடியக் கடதாசி விளையாடியதைச் சொல்வார். ஒரு அக்கா, செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குப் பக்கத்தில் நாலு கத்தரிக்கன்று வைத்ததைச் சொன்னார். அதிலிருந்து ஒரு நூலைப் பிடித்துவிடலாம்.

இல்லாத விரல் வலிக்குது. சொன்னால் நம்புவினமா?

நம்புவார்கள். மூளையில் அந்த விரலுக்கான இடம் இன்னும் அழியாமல் இருப்பதால் வருகிற மெய்யான வலி அது. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார். ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நல்ல கையின் விம்பத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்து அசைப்பது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. எனக்கு அலுமாரிக் கண்ணாடியோடு, ஒரு மாதம் பின்னேரங்களில் செய்தபோது எரிவு குறைந்தது. கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

துன்பத்துக்குப் பிறகு மனம் வளரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் சொல்கிற மாதிரி இல்லை. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லோரன்ஸ் கல்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு மனவடுவுக்குப் பிந்திய வளர்ச்சி என்று பெயர் வைத்தார்கள். 1996இல் 21 வசனங்கள் கொண்ட ஒரு வினாக்கொத்தும் செய்தார்கள். மாற்றம் ஐந்து பக்கமாக வருகிறது என்பது அவர்கள் கண்டது: மற்றவர்களோடு நெருக்கம் கூடுவது, புதிய வழிகள் தெரிவது, தன் பலம் தனக்குத் தெரிவது, வாழ்வின் அருமை விளங்குவது, ஆன்மீகம் ஆழமாவது.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. விபத்து யாரையும் வளர்ப்பதில்லை. விபத்துக்குப் பிறகு நீங்கள் படுகிற பாட்டிலிருந்துதான் ஏதாவது வளரும். குளக்கட்டு உடைந்து வெள்ளம் வயலை அள்ளிக்கொண்டு போனால் வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஊர் கூடி மண் சுமந்து கட்டுகிறபோதுதான் “இந்த இடத்திலை துருசைக் கொஞ்சம் தள்ளி வைப்பம்” என்று ஒருவர் சொல்வார்.

யோசனை என்ற சொல் எங்களிடம் கவலைக்கும் வழங்குகிறது. “ஒரே யோசனை, சாப்பாடு இறங்கேல்லை” என்போம். முதல் மாதங்களில் யோசனை தானாக வந்து குத்தும், விரட்டினாலும் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக நீங்களே நேரம் ஒதுக்கி, வேப்பமரத்தடியிலோ நம்பிக்கையானவர் பக்கத்திலோ இருந்து, “இனி எப்படி?” என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். முதலாவது யோசனை இரண்டாவதாக மாறுகிற இடத்தில்தான் வளர்ச்சி தொடங்குகிறது. அந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் காது கொடுக்க ஒரு மனிதர் தேவை.

பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவரைத் தெரியும். சக்கர நாற்காலியில் இருந்து போன் திருத்தப் பழகி, இப்போது இரண்டு பெடியன்களுக்குப் பழக்குகிறார். மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டலாமா என்று கேட்டேன். “காட்டு. ஆனால் இதுதான் நல்லதெண்டு சொல்லாதை. எனக்கு இண்டைக்கும் மரம் ஏறத்தான் ஆசை” என்றார். நோவும் வளர்ச்சியும் ஒரே வீட்டில் குடியிருக்கும். ஒன்று வந்ததும் மற்றது வெளியே போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம்.

எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. நான் பலவீனமா?

இல்லை. வளர்ச்சி நீங்கள் யாருக்கும் கட்டவேண்டிய கடன் இல்லை. பழையபடி நித்திரை கொண்டு, பழையபடி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, பழையபடி சிரிக்க முடிந்தால் அதுவே முழுத் தேறல். ஆட்கள் தாங்கள் வளர்ந்ததாகச் சொல்வது எப்போதும் உண்மையான மாற்றமா, தேறுதலுக்காகச் சொல்வதா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. நியாயமான சந்தேகம் அது. அதனால் நான் யாரிடமும் “என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “இந்தக் கிழமை எப்படி?” என்று கேட்கிறேன்.

திரும்ப அந்த இடத்துக்குப் போகவே பயம். போகத்தான் வேண்டுமா?

முதலில், அபாயம் அப்படியே இருந்தால் அந்தப் பயம் நோயல்ல, புத்தி. சுழலும் பாகங்களுக்கு மூடி போடவேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. மூடி போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

அது சரியானால், தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கொழுக்கும் என்பதை மனதில் வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போங்கள். முதலில் அந்தத் தெருவால் போய் வருவது. பிறகு வாசல். பிறகு மெசின் ஓடாத நேரம் உள்ளே. ஒவ்வொரு இடத்திலும் நெஞ்சு உச்சத்தில் அடிக்கும்போது ஓடிவிடாமல், அது தணியும்வரை நின்று பாருங்கள். தணியும்.

எனக்கு இதைச் செய்து தந்தது கூட வேலை செய்த கூட்டாளி. ஒரு ஞாயிறு காலை, மில் பூட்டு. உள்ளே போனதும் அவன் நேராகப் பிரதான சுவிச் பெட்டிக்குப் போய், பியூஸ் கட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து என் இடக்கையில் வைத்தான். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் கரி படிந்தது. “இது உன்ரை கையிலை இருக்குமட்டும் ஒண்டும் ஓடாது” என்றான். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெல்ட்டுக்குக் கிட்டப் போனேன். தரையில் கழுவியும் போகாத கறை இருந்தது. இருந்து அழுதேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்த எந்தச் சிகிச்சையும் அந்தப் பியூஸ் கட்டை செய்ததைத்தான் செய்தது: நிறுத்துகிற உரிமையை என் கையில் தந்தது.

அடிபட்டது நானில்லை. நான்தான் சுவிச்சைப் போட்டவன்.

கண்ணால் கண்டவருக்கும் இதே நோய் வரும். குற்ற உணர்வு சேர்ந்தால் இன்னும் ஆழமாகப் போகும். உங்களுக்கும் கிளினிக் உண்டு, 1926 உண்டு. முடிந்தால் அடிபட்டவரைப் போய்ப் பாருங்கள். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பேசாமல் இருந்துவிட்டு வந்தாலும் போதும். போகாமல் விட்ட நாட்கள் கூடக்கூட வாசல்படி உயரமாகிவிடும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

“உயிர் தப்பினதே பெரிய காரியம்” என்பதை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். அது உண்மைதான், அவரே சொல்லும்வரை பொறுங்கள். கேளுங்கள். கோபப்பட்டால் அது உங்கள் மேல் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், அடித்தால் அதைப் பொறுக்க வேண்டாம், உதவி தேடுங்கள்.

அளவுக்கு மீறிய உதவியும் ஒரு காயம். எனக்கு முதல் ஒன்றரை மாதம் அம்மாதான் குழைத்துத் தீத்தினார். ஒருநாள் சோறும் பருப்பும் போட்ட கோப்பையை முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். மூன்று விரலால் குழைத்தேன். பாதி சாரத்தில் கொட்டியது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, தேங்காய் துருவிக்கொண்டேயிருந்தார். துருவி முடிந்தபின்னும் வெறும் சிரட்டையில் துருவுபலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். “மெசினில் கை மாட்டிவிட்டது, இப்போது நோவு குறைவு, உன்னில் பிழையில்லை” என்ற அளவுக்குச் சொன்னால் போதும். தொட்டுப் பார்க்க விரும்பினால் விடுங்கள்.

வீட்டில் உழைக்கிறது நான் ஒருத்திதான். மனம் ஆற எங்கே நேரம்?

வன்னியில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம், கண்ணிவெடி அகற்றுவதிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்பவர்கள் பலர் அவர்கள்தான். ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரைப் பாருங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்குப் பதியலாமா என்று கேளுங்கள். கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் இருக்கிறது, செயற்கைக் கால் செய்து நடக்கவும் பழக்குவார்கள். மனதுக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், அயலில் ஒரு அக்காவோடு நடந்துபோய் வருகிற இருபது நிமிடமாக இருந்தால் நல்லது.

நட்டஈடு கேட்டால் முதலாளியோடு பகை வரும். விடலாமா?

விடவேண்டாம். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. 2022இல் திருத்தி, வேலைக்குப் போய் வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள், நாட்கூலி என்றாலும் கேளுங்கள். காசைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது: “கவனமில்லாமல் கை வைத்தான்” என்ற பேச்சு ஊரில் ஓடும்போது, நடந்ததை ஒரு அலுவலகம் எழுத்தில் ஏற்றுக்கொள்வது மனதுக்குப் பெரிய பாரத்தை இறக்கும்.

கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம், நூலும் கட்டினோம். கிளினிக் வேண்டுமா?

இரண்டும் செய்யுங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அதே பஸ்ஸில் கிளினிக்குக்குப் போகிறவர்களைத் தெரியும். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடு மாதா கோயிலுக்கும் போய் வருகிற நாள், பல மாதங்களாக வீட்டைவிட்டு இறங்காதவர் சனத்துக்குள் நிற்கிற முதல் நாளாகவும் இருக்கும். குளிசையை நிறுத்தச் சொல்கிற எவரையும் மட்டும் கேட்காதீர்கள்.

நீங்கள் இப்போது மில்லுக்குப் போவீர்களா?

போவேன். எங்கள் வீட்டு நெல்லை நான்தான் கொண்டுபோய்க் குத்துவித்து வருகிறேன். பெல்ட்டுக்கு இரும்பு வலையில் கூடு போட்டிருக்கிறார்கள். சத்தம் அதே சத்தம்தான். மெசின் ஓடும்போது சுவிச் பெட்டி எந்தப் பக்கம் என்று கண் தானாக ஒருமுறை போய்த் தேடும், கண்டுபிடிக்கும். அப்புறம் நான் சாக்கை விரித்துப் பிடிப்பேன், அரிசி சூடாக வந்து விழும்.